பொய்த் தந்தியும் மெய்க் கண்ணீரும்

பம்பாயில் வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்களுள் முந்திய தலைமுறையினர்க்குத் ‘தந்தி’ என்னும் சொல் காதில் விழுந்த அளவிலேயே நெஞ்சு துணுக்குறும். மாதுங்காவின் மாடிக் குடியிருப்பாயினும் சரி, தாராவியின் ஒற்றையறை வீடாயினும் சரி, தந்திச் சேவகர் வாசலில் வந்து நின்றால் அண்டை வீட்டாரெல்லாம் கூடிவிடுவர். ஆங்கிலம் தெரிந்த ஒருவரைத் தேடிப் பிடித்துப் படிக்கச் சொல்வர். தாய்க்கு உடல்நிலை கவலைக்கிடம், உடனே புறப்படுக என்று இருக்கும். மகன் முதலாளியிடம் கெஞ்சி முன்பணம் பெறுவான். பக்கத்து வீட்டார் தம்மிடமிருந்த ஐந்தையும் பத்தையும் கொண்டுவந்து கையில் திணிப்பர். முன்பதிவு இல்லாத பெட்டியில் நின்றபடியே அவன் ஊர் போய்ச் சேருவான். அங்கே, கவலைக்கிடமான தாய் வாசலில் கோலமிட்டுக்கொண்டிருப்பாள். உள்ளே பெண் பார்க்கும் படலத்துக்கு வேண்டிய ஏற்பாடுகள் நடந்துகொண்டிருக்கும்.

இத்தகைய கதை ஒன்றேனும் இல்லாத தெரு நம்மிடையே இல்லை. இன்று அதைச் சொல்லிச் சிரிக்கிறோம். சிரிக்கத் தக்கதுதான். ஆனால் அக்கதைக்கு ஒரு பின்பகுதி உண்டு. அதை யாரும் சிரித்துக்கொண்டு சொல்வதில்லை. ஒருமுறை ஏமாந்தவனுக்கு மறுமுறையும் அதே வாசகம் வருகிறது. ‘இதுவும் அம்மாவின் விளையாட்டுத்தான்’ என்று எண்ணி அவன் இருந்துவிடுகிறான். அம்முறை தந்தி பொய்யில்லை. கொள்ளி வைக்கவும் போகாத அந்த மகன் பின்னர் யாரை நொந்துகொள்வான்? பொய் சொன்ன தாயையா? நம்ப மறுத்த தன்னையா?

தந்தி என்னும் ஏற்பாடு 2013 ஜூலையில் நம் நாட்டில் முடிவுக்கு வந்தது. எனினும் பொய்யான ஆபத்தை உண்மையெனக் காட்டிப் பிறரைப் பதறச் செய்யும் பழக்கம் அதனோடு முடிந்துவிடவில்லை. முன்பு ஒரு மகனை வரவழைக்கச் சொன்ன பொய், இன்று உலகத்தையே தன் வீட்டு வாசலுக்கு வரவழைக்கச் சொல்லப்படுகிறது. பெற்றோரே தம் பிள்ளையை வைத்து இத்தகைய நாடகம் ஆடினார்கள் என்ற ஐயம் எழும்போது, அதில் உள்ள குற்றம் யாது? அந்த ஐயத்தை நாம் எவ்வாறு கையாள வேண்டும்? இவ்விரண்டு வினாக்களையும் சற்றே ஆராய்வோம்.

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் ஃபோர்ட் காலின்ஸ் என்றொரு நகரம். 2009-ஆம் ஆண்டு அக்டோபர் 15-ஆம் நாள், அந்நகரில் ரிச்சர்டு ஹீனி, மயூமி ஹீனி என்னும் தம்பதியர் வீட்டின் பின்கட்டிலிருந்து வெள்ளி நிறத்தில், தட்டு வடிவில் அமைந்த பெரிய ஹீலியம் பலூன் ஒன்று வானில் எழும்பியது. அதனுள் தங்கள் ஆறு வயது மகன் ஏறியிருப்பதாகப் பெற்றோர் அலறினர். தொலைக்காட்சி நிலையங்கள் பிற செய்திகளை நிறுத்திவிட்டு அந்தப் பலூனையே காட்டின. படை ஹெலிகாப்டர்கள் அதைப் பின்தொடர்ந்தன. ஐம்பது மைலுக்கு மேல் காற்றில் மிதந்து, டென்வர் விமான நிலையத்துக்கு அப்பால் ஒரு வயல்வெளியில் அது தரையிறங்கியது. ஓடிச்சென்று பார்த்தவர்கள் திகைத்தனர். உள்ளே குழந்தை இல்லை. நடுவழியில் தவறி விழுந்துவிட்டானோ என்று உலகம் பதறியது. சிறிது நேரத்தில் சிறுவன் வீட்டிலேயே, வண்டி நிறுத்தும் கொட்டகைக்கு மேலுள்ள பரணில் ஒளிந்திருந்தான் என்று செய்தி வந்தது. கோடிக்கணக்கானோர் நிம்மதிப் பெருமூச்சு விட்டனர்.

அன்று இரவே அக்குடும்பம் தொலைக்காட்சியில் தோன்றியது. அழைத்தபோது ஏன் வெளியே வரவில்லை என்று சிறுவனிடம் கேட்டார்கள். அவன் பெற்றோரைப் பார்த்து, காட்சிக்காகத்தானே இதைச் செய்தோம் என்று நீங்கள் சொன்னீர்களே என்னும் பொருள்பட ஒரு வாக்கியம் சொன்னான். அந்த ஒரு வாக்கியத்தில் ஐயம் பிறந்தது. அக்குடும்பம் முன்னரே ஒரு தொலைக்காட்சித் தொடரில் பங்கேற்றதும், தந்தை தமக்கென ஒரு தொடரைப் பெற முயன்று வந்ததும் அந்த ஐயத்துக்கு வலுவூட்டின. அந்த ஆண்டு நவம்பரில் கணவனும் மனைவியும் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டனர். தந்தைக்கு 90 நாள், தாய்க்கு 20 நாள் சிறைத் தண்டனை. மீட்புப் பணிக்கு ஆன செலவுக்காக 36,000 டாலர் இழப்பீடு. பின்னர் அவர்கள், அது நாடகமே இல்லை என்றும், சப்பானியக் குடிமகளான மனைவி நாடு கடத்தப்படுவாளோ என்ற அச்சத்தாலேயே ஒப்புக்கொண்டோம் என்றும் கூறிவந்தனர். 2020 டிசம்பரில் மாநில ஆளுநர் ஜேரட் போலிஸ் இருவருக்கும் மன்னிப்பு வழங்கினார். மன்னிப்பு என்பது வேறு, குற்றமின்மைத் தீர்ப்பு என்பது வேறு. ஆகவே அந்த வழக்கு சட்டத்தில் முடிந்தும் மக்கள் மனத்தில் முடியாமல் நிற்கிறது.

அவர்கள் நடித்தார்களா இல்லையா என்பதை இங்கிருந்து தீர்ப்பளிக்க நமக்குத் தகுதியில்லை. நடித்திருந்தால் அது ஏன் தவறு என்பதை ஆராயத் தகுதியுண்டு. ‘யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லையே, குழந்தை பத்திரமாகத்தானே இருந்தான், ஒரு பொய்தானே’ என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு விடை சொல்ல வேண்டும்.

முதலாவது, உதவ ஓடிவந்தவர்க்கு இழைக்கப்படும் தீங்கு. தாராவியின் சந்துகளில் ஒரு குழந்தை காணாமற்போனால் என்ன நிகழும் என்பதை நாம் அறிவோம். மண்பாண்டம் வனைபவர் சக்கரத்தை நிறுத்திவிட்டு எழுவார். தோல் பட்டறையிலிருந்து இளைஞர்கள் ஓடிவருவார்கள். கோயிலிலும் பள்ளிவாசலிலும் ஒலிபெருக்கியில் அறிவிப்பு வரும். அது யார் குழந்தை, என்ன மொழி, என்ன சாதி என்று அந்நேரத்தில் ஒருவரும் கேட்பதில்லை. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூசில் 944 மில்லிமீட்டர் மழை பெய்து, மித்தி ஆறு கரைபுரண்டு, இந்நகரம் மூழ்கியபோதும் அதுவே நிகழ்ந்தது. முன்பின் அறியாதவர்க்குக் கதவு திறந்தது. தேநீரும் ரொட்டியும் கைமாறின. இந்த நம்பிக்கை எவர் ஒருவரின் தனிச்சொத்தும் அன்று. ஊர்ப் பொதுக்கிணறு போன்றது. வேண்டும்போது இறைத்துக் கொள்ளலாம். யாரும் கணக்குக் கேட்பதில்லை. பொய்யான ஆபத்தைக் காட்டுபவன் அந்தக் கிணற்றைத் தூர்க்கிறான்.

இங்கிலாந்தில் டியூஸ்பரி என்னும் ஊரில் 2008-இல் நிகழ்ந்தது இதை நன்கு விளக்கும். பிப்ரவரி 19-ஆம் நாள் ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி பள்ளியிலிருந்து வீடு திரும்பவில்லை. அவள் தாய் கேரன் மேத்யூஸ் தொலைக்காட்சியில் கண்ணீர் வடித்தாள். அவர்கள் வாழ்ந்தது வறியவர் நிறைந்த குடியிருப்பு. அங்குள்ள அண்டை அயலார் துண்டறிக்கை அச்சிட்டனர், வீடு வீடாகத் தேடினர், ஊர்வலம் சென்றனர். 24 நாள்களுக்குப் பின், தாயோடு வாழ்ந்த ஆடவனின் உறவினர் வீட்டில், கட்டிலின் அடிப்பெட்டிக்குள் அச்சிறுமி உயிரோடு மீட்கப்பட்டாள். கண்டுபிடிப்பவர்க்கு அறிவிக்கப்படும் பரிசுத் தொகையைத் தாமே பெறத் தாயும் அந்த உறவினனும் சேர்ந்து செய்த சூழ்ச்சி அது என்று வழக்கில் தெளிவாயிற்று. இருவருக்கும் எட்டாண்டுச் சிறை. பரிசுத் தொகை இன்னொரு நாள் வேறு எதற்காவது பயன்படும். காவல்துறையின் செலவையும் கணக்கில் எழுதி முடித்துவிடலாம். ஆனால் குளிரில் இரவெல்லாம் விளக்கேந்தித் தேடிய அந்த அண்டை வீட்டுப் பெண்களின் நெஞ்சில் விழுந்த அடியை எந்தக் கணக்கில் எழுதுவது?

இரண்டாவது, நாளை உண்மையாகவே துன்புறப் போகிறவர்க்கு இழைக்கப்படும் தீங்கு. ‘புலி வருது, புலி வருது’ என்று கூவிய இடைச் சிறுவனின் கதையை நாம் குழந்தைகளுக்குச் சொல்கிறோம். அக்கதையில் பொய் சொன்னவனே புலிக்கு இரையாகிறான்; கணக்கு நேராகிவிடுகிறது. வாழ்க்கையில் கணக்கு அப்படி நேராவதில்லை. ஒருவன் பொய்க்கு வேறொருவன் இரையாகிறான். துன்பத்தில் இருக்கும் குழந்தைகளுக்கென 1098 என்ற தொலைபேசிச் சேவை 1996-இல் நம் நகரில்தான் தொடங்கிற்று. செம்பூரை அடுத்த தேவ்னாரில் உள்ள டாடா சமூக அறிவியல் நிறுவனத்தின் களப்பணியாகப் பிறந்து, பிறகு நாடெங்கும் பரவியது. அந்தத் தொலைபேசியின் மறுமுனையில் இருப்பவர் ஒரு சிறு குரலைக் கேட்டவுடன் நம்பிப் புறப்பட வேண்டும். ‘இது விளையாட்டாக இருக்குமோ’ என்று அவர் ஒரு நிமிடம் தயங்கினால், அந்த ஒரு நிமிடம் எந்தக் குழந்தையின் கணக்கில் கழிகிறது? பொய்த் தந்தி அடித்த தாய்க்கும் இதே விடைதான். அவள் தன் மகனை மட்டும் ஏமாற்றவில்லை; ‘கவலைக்கிடம்’ என்ற சொல்லின் மதிப்பையே குறைத்துவிட்டாள்.

மூன்றாவது தீங்கே எல்லாவற்றினும் கொடிது. அது குழந்தைக்கு இழைக்கப்படுவது. பிள்ளை முதன்முதலாக உலகத்தை நம்பக் கற்பது பெற்றோரை நம்புவதன் மூலம்தான். நெருப்பு சுடும் என்று தாய் சொன்னால் அது மெய். பயப்படாதே என்று தந்தை சொன்னால் அதுவும் மெய். அத்தகைய நாவே ‘நீ ஒளிந்துகொள், நாங்கள் அழுகிறோம்’ என்று சொல்லுமானால், அழுகை என்பது என்ன என்று அக்குழந்தை எவ்வாறு அறியும்? மேலும், அப்பொய்யைக் காக்கும் சுமை அக்குழந்தையின் தலையில் ஏறுகிறது. கேள்வி கேட்பவர்கள் அவனையே கேட்கிறார்கள். மெய் சொன்னால் பெற்றோர் சிறை செல்வர். பொய் சொன்னால் தான் கெடுவான். ஆறு வயதுக்கு இத்தகைய தருமசங்கடத்தைத் தருவது எந்தத் தந்தைக்கும் உரிமையில்லாத செயல். ஃபோர்ட் காலின்ஸ் சிறுவனின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. ‘பலூன் பையன்’ என்று உலகம் அவனுக்கு இட்ட பெயரே போதும் போதுமென்று ஆகியிருக்கும். 2025-இல் அந்நிகழ்ச்சியைப் பற்றி ஓர் ஆவணப்படமும் வெளிவந்தது. அவன் வளர்ந்து ஆளாகிவிட்டான். பெயர் மட்டும் வளரவில்லை.

இங்கே ஒரு தடை எழலாம். பிள்ளைகளைப் பிறர்முன் நிறுத்துவது பெற்றோர் இயல்புதானே? மாதுங்காவில் எத்தனை அரங்கேற்றங்கள் நடக்கின்றன! எட்டு வயதுப் பெண்ணுக்குச் சலங்கை கட்டி மேடையேற்றுகிறோம். பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கினால் பத்து வீட்டுக்குச் சொல்கிறோம். அதுவும் விளம்பரம்தானே? இத்தடை எளிதில் ஒதுக்கத் தக்கதன்று. நான் கொள்ளும் வேறுபாடு இது. கலையும் கல்வியும் பிள்ளையின் சொந்த உடைமைகள். காட்டக் காட்ட அவை வளரும். வளர்ந்த பயன் பிள்ளைக்கே சேரும். துயரமோ அச்சமோ அவ்வாறு வளரத் தக்கவை அல்ல. அவற்றைக் காட்சியாக்கினால் பயன் பெறுவோர் பெற்றோர். விலை கொடுப்பது பிள்ளை. பாட வந்த குழந்தையிடம் பாட்டைக் கேட்காமல், வீட்டுக் கடனையும் தந்தையின் குடியையும் சொல்லச் சொல்லி, கண்ணில் நீர் துளிர்த்தவுடன் படக்கருவியை அருகே கொண்டுபோகும் தொலைக்காட்சிப் போட்டிகளை நாம் காண்கிறோம். அங்கே பொய்யே இல்லாதிருக்கலாம். இருந்தும் மனம் கூசுகிறது. ஏனெனில் அந்தக் கண்ணீர் கேட்டு வாங்கப்பட்டது.

ஆனால் நோயுற்ற பிள்ளையின் அறுவைச் சிகிச்சைக்காக, அதன் படத்தைக் காட்டிப் பொருள் திரட்டும் ஏழைத் தந்தையை என்னென்பது? அவனும் துயரத்தைக் காட்டுகிறான். எனினும் அவன் செயல் பிள்ளைக்காக. வேறு வழியும் அவனுக்கு இல்லை. பிள்ளையின் பொருட்டு ஊரை நாடுவது வேறு. ஊரின் பொருட்டுப் பிள்ளையைப் பயன்படுத்துவது வேறு. இந்த எல்லைக்கோடு எப்போதும் தெளிவாகத் தெரியும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் ஒவ்வொரு தாயும் தந்தையும் தன் நெஞ்சைக் கேட்டால் அங்கே அது தெரியும்.

இதுவரை பெற்றோரைப் பற்றிப் பேசினோம். இனி நம்மைப் பற்றிப் பேச வேண்டும். ஏனெனில் நடித்த பெற்றோர் சிலரே; நடித்ததாகச் சந்தேகித்த நாம் பலர்.

ஆஸ்திரேலியாவில் 1980 ஆகஸ்டு 17-ஆம் நாள் இரவு, உலூரு என்னும் பெரும்பாறைக்கு அருகே கூடாரமடித்துத் தங்கியிருந்த லிண்டி சேம்பர்லேன் என்னும் தாய், தன் ஒன்பது வாரக் குழந்தையை டிங்கோ என்னும் காட்டுநாய் தூக்கிச் சென்றுவிட்டது என்று கதறினாள். நாடு நம்பவில்லை. அவள் தொலைக்காட்சியில் போதிய அளவு அழவில்லை என்றார்கள். அவள் உடையைப் பற்றிப் பேசினார்கள். அவள் சார்ந்த சமயப் பிரிவைப் பற்றி வதந்தி பரப்பினார்கள். 1982-இல் அவளுக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. 1986-இல் குழந்தையின் மேற்சட்டை அந்தப் பாறையருகே தற்செயலாகக் கிடைத்தது; அவள் விடுவிக்கப்பட்டாள். 1988-இல் தண்டனை நீக்கப்பட்டது. குழந்தையைக் கொன்றது டிங்கோவே என்று மரண விசாரணை அதிகாரி எழுதித் தந்த ஆண்டு 2012. ஒரு தாய் மெய் சொன்னாள் என்பதை ஏற்க 32 ஆண்டுகள் ஆயின. ஒருத்தி கண்ணீர் விட்டு ஏமாற்றினாள். மற்றொருத்தி கண்ணீர் விடாததால் ஏமாற்றுக்காரி எனப்பட்டாள். இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால், முகத்தைப் பார்த்து மெய்ம்மையை அளக்க முடியும் என்ற நம் செருக்கு அடங்கும்.

அவ்வளவு தொலைவும் போக வேண்டியதில்லை. நம் நகரத்திலேயே பாந்திராவின் கரீப் நகர் குடிசைப் பகுதியில் நிகழ்ந்த ஒன்று உண்டு. தாராவியில் ஒரு பகுதி படமாக்கப்பட்ட ‘ஸ்லம்டாக் மில்லியனர்’ 2009 பிப்ரவரியில் எட்டு ஆஸ்கர் விருதுகள் பெற்றது, ஏ. ஆர். ரகுமான் இரண்டு விருதுகளைக் கையில் ஏந்தித் தமிழில் பேசியதை நாமெல்லாம் கண்டு களித்தோம். அப்படத்தில் சிறுமி லத்திகாவாக நடித்த ரூபினா அலி கரீப் நகரில் வாழ்ந்தவள். விருது விழா முடிந்து இரண்டு மாதம் ஆகுமுன், ஏப்ரலில், ‘நியூஸ் ஆஃப் த வேர்ல்டு’ என்னும் லண்டன் வார இதழ், அவள் தந்தை மகளை விலைபேசினார் என்று செய்தி வெளியிட்டது. செய்தியாளர்களே பணக்காரர் வேடமிட்டு, தத்தெடுப்பவர் போல நடித்து, அவரை அணுகிப் பேச்சுக் கொடுத்திருந்தார்கள். உலகம் முழுவதும் அந்தத் தந்தையைத் தூற்றியது. அவர் மறுத்தார். காவல்துறை விசாரித்தது, வழக்குத் தொடரத் தக்க சான்று கிடைக்கவில்லை.

இந்நிகழ்ச்சியில் நாடகம் ஆடியவர் யார்? வேடமிட்டவர்கள் செய்தியாளர்கள், மேடை அமைத்தவர்கள் செய்தியாளர்கள், சீட்டு விற்றவர்களும் அவர்களே. பழி மட்டும் குடிசையில் இருந்தவருக்கு. அதே இதழ், கொலையுண்ட ஒரு பள்ளிச் சிறுமியின் தொலைபேசியில் திருட்டுத்தனமாக நுழைந்தது 2011 ஜூலையில் அம்பலமாகி, அந்த மாதமே மூடப்பட்டது. அச்செய்தியை ஆர்வத்தோடு படித்தவர்களுள் எத்தனை பேர், கரீப் நகர்த் தந்தையைத் தாம் வைத வசையைத் திரும்பப் பெற்றார்கள்?

ஏழையின் மீது ஐயம் எளிதில் படிகிறது என்பதற்கு இது ஒரு சான்று. சாலைச் சந்திப்பில் கைக்குழந்தையோடு வந்து கையேந்தும் பெண்ணைப் பார்த்து, ‘வாடகைக் குழந்தையாக இருக்கும்’ என்று சொல்லி வண்டிக் கண்ணாடியை ஏற்றுகிறோம். சில இடங்களில் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் நாம் விசாரித்தறிந்து கண்ணாடியை ஏற்றவில்லை. அந்த ஐயம் நமக்கு வசதியாக இருக்கிறது. அது உதவ வேண்டிய கடமையிலிருந்து நம்மை விடுவிக்கிறது. வசதியாக இருக்கும் ஐயத்தை முதலில் ஐயுற வேண்டும். பிழைப்புத் தேடி இந்நகருக்கு வந்த நம் முன்னோர்களும் ஒரு காலத்தில் அத்தகைய ஐயத்தின் இலக்காக நின்றவர்களே. வேறு மொழி பேசுகிறவன், வேறு உடை உடுத்தியவன் என்பதாலேயே அவர்கள் சொல் மெய்யா என்று இருமுறை பார்க்கப்பட்டது. அந்நினைவு நமக்கு இருக்க வேண்டும்.

இன்னும் ஒன்று. காண்பவர் இல்லையேல் காட்சி இல்லை. 2019 அக்டோபர் 25-ஆம் நாள், மணப்பாறையை அடுத்த நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை சுஜித் ஆழ்துளைக் கிணற்றில் விழுந்தான். அது முற்றிலும் மெய்யான துயரம். எவர் மீதும் எவ்வகை நாடகப் பழியும் இல்லை. 29-ஆம் நாள் விடியுமுன் உயிரற்ற உடலாகவே அவனை மீட்டனர். அந்த நாள்களில் தமிழகமும், தமிழர் வாழும் இடமெல்லாமும், தாராவியும் செம்பூரும் உட்பட, தொலைக்காட்சியை விட்டு அகலவில்லை. நாம் வேண்டிக்கொண்டோம், அழுதோம், அதில் பொய்யில்லை. ஆனால் அதே இரவுகளுள் ஒன்றில், தூத்துக்குடியில் ஒரு வீட்டார் அந்த மீட்புக் காட்சியைப் பார்த்துக்கொண்டிருக்க, அவர்களின் இரண்டு வயதுக் குழந்தை தண்ணீர்த் தொட்டியில் மூழ்கி இறந்தது. அந்தப் பெற்றோரைக் குறைகூற எவருக்கும் வாய் வராது. அவர்கள் பார்த்ததைத்தான் நாமும் பார்த்துக்கொண்டிருந்தோம். தொலைவில் உள்ள துயரத்தைக் கண்கொட்டாமல் பார்க்கும் வேட்கை எங்கே கொண்டு விடும் என்பதற்கு இதைவிடக் கசப்பான சான்று வேண்டுவதில்லை. அந்த வேட்கையே ஒரு சந்தை. சந்தை இருக்கும்வரை சரக்குச் செய்பவரும் இருப்பார். மெய்த் துயரம் கிடைக்காத நாளில் பொய்த் துயரம் கடைக்கு வரும். ஃபோர்ட் காலின்ஸ் பலூனில் இருந்தது ஹீலியம் மட்டுமா? நம் கண்களும் சேர்ந்தல்லவா அதை மேலே தூக்கின!

ஆயின் நாம் செய்யத் தக்கது யாது? கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்பவனுக்கு மதி எங்கே என்று நம் பெரியோர் கேட்டார்கள். கண்ணால் கண்டதும் பொய், காதால் கேட்டதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்றும் அவர்களே சொன்னார்கள். இவ்விரண்டு பழமொழிகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டால் வழி ஒருவாறு புலப்படும்.

ஆபத்து என்ற குரல் கேட்டால் முதலில் உதவ வேண்டும், ஐயம் பிறகு. ஏமாந்தால் நமக்குப் போவது சில மணி நேரமும் சிறிது பொருளும். ஏமாறக் கூடாது என்று நின்றுவிட்டால் போவது ஓர் உயிராக இருக்கலாம். இவ்விரு இழப்புகளும் ஒரு தராசில் நிற்பவை அல்ல. அடுத்து, ஐயம் எழுந்தால் அதை விசாரிக்கும் கடமையுள்ளவரிடம் ஒப்படைக்க வேண்டும். சான்று தேடுவது காவலர் வேலை. எடைபோடுவது நீதிபதி வேலை. தெருமுனையிலும் திண்ணையிலும் தீர்ப்பு வழங்குவது யார் வேலையும் அன்று. மூன்றாவதாக, குழந்தையைச் சாட்சிக் கூண்டில் ஏற்றக் கூடாது; படக்கருவியின் முன் ஏற்றவே கூடாது. துன்பத்துக்கு ஆளான குழந்தையின் பெயரையும் முகத்தையும் செய்தியில் வெளியிடுவதை 2015-ஆம் ஆண்டின் இளஞ்சிறார் நீதிச் சட்டமே தடைசெய்கிறது. சட்டம் சொல்லும் முன்பே நம் பண்பாடு அதைச் சொல்லியிருக்க வேண்டும். கடைசியாக, குற்றம் மெய்ப்பிக்கப்பட்டால் தண்டனை தண்டனையாக இருக்கட்டும். அதைக் குழந்தையின் தலைமுறைக்கும் நீட்டிக்க வேண்டாம். பழி தவறு என்று தெரிந்தால், பழித்த அளவுக்கே உரக்க அதைத் திரும்பப் பெறுவோம்.

மீண்டும் அந்தப் பொய்த் தந்திக்கு வருவோம். கோலமிட்டுக்கொண்டிருந்த அந்தத் தாயை நாம் ஏன் மன்னித்துவிட்டோம்? அவள் புகழை நாடவில்லை, மகனை நாடினாள். கூப்பிட்டால் வருவான் என்ற நம்பிக்கை இல்லாமற்போனதால் பொய்யைக் கூப்பிட்டு அனுப்பினாள். அந்தப் பொய்யில் பம்பாயில் இருந்த மகனுக்கும் ஒரு பங்கு உண்டு. ஒழுங்காகக் கடிதம் எழுதியிருந்தால் தந்திக்கு வேலை இருந்திராது. இருந்தும், அவள் செய்தது சரி என்று ஆகிவிடாது. மன்னிப்பது வேறு, சரியென்பது வேறு என்பதை இந்த ஒரு தாயிடமே நாம் கற்றுக்கொள்ளலாம்.

இன்று நம் ஒவ்வொருவர் கையிலும் ஒரு படக்கருவி இருக்கிறது. பிள்ளை கீழே விழுந்து முழங்கால் சிராய்த்து அழுகிறது. அதை அள்ளி எடுப்பதற்கு முன் கருவியை எடுக்கலாமா என்று ஒரு கணம் கை தயங்குகிறது. ஃபோர்ட் காலின்ஸ் அந்தத் தயக்கத்திலிருந்து வெகு தொலைவில் இல்லை. கை முதலில் பிள்ளையிடம் போகட்டும்.